பிரேக்கிலிருந்து தொடங்கினால் பறிமுதல் தேவைப்படாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த ஒரு வாசகர் கடிதத்தை எங்கள் ஊரில் பலரும் படித்துப் பேசிக்கொண்டார்கள். நம் மலேசியத் தோட்டப்புறப் பட்டணங்களில் இளைஞர்கள் பழைய ஜப்பானியக் கார்களை வாங்கி, எஞ்சினை மாற்றி, டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) பொருத்தி ஓட்டுவது ஊதாரித்தனம் என்றும், அத்தகைய கார்கள் அனைத்தையும் சாலைப் போக்குவரத்து இலாகா பறிமுதல் செய்து நசுக்கிவிட வேண்டும் என்றும் அவர் எழுதியிருந்தார். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீட்டின் துயரத்தைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு எழுதுகிறார் என்பது அவருடைய வரிகளிலேயே தெரிந்தது. அந்தத் துயரத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் ஒரே பெயரில் அடக்கிவிட்ட கார்களுக்குள் இரண்டு வகை உண்டு. எந்தக் கார் எந்த வகை என்று அறிய, முன்சக்கரத்தைக் கழற்றி உள்ளே என்ன பிரேக் இருக்கிறது என்று பார்த்தால் போதும். இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு செம்பனை ஆலையில் ஃபிட்டர் வேலைக்குச் சேர்ந்து, 27 ஆண்டுகள் அதிலேயே இருந்து ஓய்வுபெற்றேன். 1998-இல் என்னிடம் ஒரு புரோட்டான் வீரா 1.5 இருந்தது. மிட்சுபிஷி லேன்சரின் அடித்தளத்தில் உருவான கார் அது என்பதால், லேன்சர் ஜிஎஸ்ஆரின் 1.8 லிட்டர் டர்போ எஞ்சினை அதற்குள் இறக்கிவிடலாம் என்பது அன்று பட்டறைக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்திருந்த சங்கதி. ஜப்பானிலிருந்து முன்பாதியாக அறுபட்டு வரும் ஹாஃப்கட் கார்களிலிருந்து அந்த எஞ்சின் கிடைத்தது. தயாரிப்பாளரின் கணக்குப்படி 195 குதிரைத்திறன். என் காரில் முதலில் இருந்ததைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். எஞ்சினை மாற்றிக் கொடுத்த பட்டறைக்காரரிடம் பிரேக்கைப் பற்றிக் கேட்டேன். "முன்னால் டிஸ்க் இருக்கிறதே, அது போதும்" என்றார். நானும் நம்பினேன்.

அடுத்த மாதம் கேமரன் மலைக்குப் போய்விட்டுத் தாப்பா வழியாக இறங்கிக்கொண்டிருந்தோம். பக்கத்தில் என் மைத்துனர். வளைவுக்கு வளைவு வேகமெடுப்பதும் பிரேக்கை மிதிப்பதுமாக வந்தேன். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியைத் தாண்டிய சிறிது நேரத்தில், மிதித்த பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் தரைவரை போனது. மறுபடி மிதித்தேன், மறுபடியும் தரை. இரண்டாம் கியருக்கு இறக்கி, கைப்பிரேக்கை இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கத்து மண்மேட்டில் காரை உரசவிட்டு நிறுத்தினேன். மைத்துனருக்கு மணிக்கட்டு முறிந்தது. எதிரே அந்த நேரத்தில் பேருந்து ஏதும் வரவில்லை என்பதால்தான் இதை எழுத நான் இருக்கிறேன்.

என்ன நடந்தது என்பதைப் பிறகு ஆலையின் மூத்த ஃபிட்டர் ஒருவர் எனக்கு விளக்கினார். பிரேக் திரவம் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சக்கூடியது. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரநிர்ணயம்; ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 டிகிரியாக இறங்கிவிடுகிறது. என் காரில் இருந்த திரவம் எத்தனை ஆண்டுப் பழையது என்று எனக்கே தெரியாது. அது கொதித்து, குழாய்க்குள் நீராவிக் குமிழிகள் உண்டாயின. திரவத்தை அழுத்தினால் அந்த அழுத்தம் சக்கரம் வரை போகும். குமிழியை அழுத்தினால் குமிழிதான் சுருங்கும். எஞ்சினின் பலத்தைக் கூட்டியவன், அந்தப் பலம் தரும் வேகத்தை வெப்பமாக மாற்றிக் காற்றில் விட வேண்டிய பாகத்தை அப்படியே விட்டுவிட்டேன். மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும் காரை நிறுத்துவதைவிட 140-இல் போகும் அதே காரை நிறுத்தும்போது பிரேக்குக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வெப்பம் ஏறுகிறது. வேகம் 40 விழுக்காடுதானே கூடியது என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு புரிவதில்லை. எனக்கும் அன்று புரிந்திருக்கவில்லை.

இனி என் அக்காள் மகனின் கதைக்கு வருகிறேன். அவனுக்கு இப்போது 26 வயது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் கோலாகங்சாரில், காலமாகிவிட்ட ஒரு தோட்டக் கிராணியாரின் வீட்டில் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றிருந்த நிசான் செஃபீரோ ஏ31 காரை வாங்கி வந்தான். ஆறு சிலிண்டர், இரண்டு லிட்டர், டர்போ இல்லாத எஞ்சின், பின்சக்கர இயக்கம். அதே குடும்பத்தைச் சேர்ந்த ஆர்பி20டிஇடி என்னும் டர்போ எஞ்சினை அதில் பொருத்த வேண்டும் என்பது அவன் ஆசை. அந்த எஞ்சினோடு ஜப்பானில் விற்கப்பட்ட செஃபீரோவின் திறன் 205 குதிரைத்திறன். "மாமா, எஞ்சினை நீங்கள் பார்த்துக் கொடுங்கள்" என்று கேட்டான். முதல் ஆண்டு எஞ்சினைத் தொடவே கூடாது, அதற்குச் சம்மதமானால் நான் வருகிறேன் என்றேன். முகம் வாடினாலும் சம்மதித்தான்.

அந்த முதல் ஆண்டைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் அந்த ஆண்டில் செய்த வேலை எதுவும் சாலையில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிக்கட்டைத் தட்டினால் மந்தமாக ஒலித்தது. அடிப்பக்கத்து ரப்பர் மூடியைக் கழற்றியதும், தோட்டத்துச் செம்மண் காய்ந்து கட்டியாக இறுகியிருந்தது கையோடு வந்தது. அதற்குப் பின்னாலிருந்த தகடு துருவேறி, விரல் வைத்தால் பொடியாகும் நிலையில் இருந்தது. அந்த இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க அவனுக்கு மூன்று மாதங்கள் பிடித்தன. முதலில் போட்ட பற்றவைப்புகள் புழு ஊர்ந்ததுபோல் இருந்தன. அரைத்துவிட்டு மீண்டும் போட்டான். கடைசியில் போட்டவற்றை ஆலையில் என்னோடு வேலை செய்த வெல்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, வேலைக்கு ஆள் தேடுகிறார்கள், வருகிறாயா என்று கேட்டார்.

பிறகு பிரேக். ஏ31 செஃபீரோவும் ஆர்32 ஸ்கைலைனும் அடிப்படையில் ஒரே குடும்பத்துச் சேசி. ஆகவே ஸ்கைலைன் ஜிடிஎஸ்-டி டைப் எம் காரின் பிரேக், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும், முன்னால் நான்கு பிஸ்டனும் பின்னால் இரண்டு பிஸ்டனும் கொண்ட காலிப்பர்கள், அதிக வெட்டல் ஒட்டல் இல்லாமல் இதில் உட்காரும். சக்கரம் பொருந்தும் நான்கு நட்டு ஹப்பை எடுத்துவிட்டு ஐந்து நட்டு ஹப்பைப் போட வேண்டியிருந்தது. பழைய காலிப்பர்களைப் பிரித்து, பிஸ்டன்களைச் சுத்தம் செய்து, ரப்பர் சீல்களை மாற்றி, வெடிப்புக் கண்டிருந்த ரப்பர்க் குழாய்களுக்குப் பதிலாகப் புதியவற்றைப் போட்டு, டாட் 4 திரவம் ஊற்றினோம். நான் பெடலை மிதிக்க, அவன் சக்கரத்துக்குச் சக்கரம், பிரேக் குழாய்க்குள் சிக்கிய காற்றை வெளியே எடுத்தான். அன்று மாலை, குமிழி வருவது முற்றிலும் நின்ற பிறகும், இன்னொரு முறை பார்த்துவிடலாம் மாமா என்று அவன் கேட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டாம் ஆண்டில் ஒன்றரை ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்து எஞ்சினை வாங்கினான். நன்றாக இருக்கிறது, அப்படியே பொருத்தி ஓட்டலாம் என்று விற்றவர் சொன்னார். நாங்கள் முதலில், ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்க்கும் அழுத்தச் சோதனை செய்தோம். ஐந்து சிலிண்டர்களில் 150 பிஎஸ்ஐக்குச் சற்று மேலே காட்டிய கருவி ஆறாவதில் 110-இல் நின்றுவிட்டது. எஞ்சினைப் பிரித்தோம். கழற்றிய ஒவ்வொரு திருகையும் மைலோ டின்களில் போட்டு, எந்த இடத்துத் திருகு என்று டேப்பில் எழுதி ஒட்டி வரிசையாக அடுக்கினான். ஆறாவது பிஸ்டனை வெளியே எடுத்துத் துடைத்து என் கையில் கொடுத்தபோது, வளையங்கள் பதியும் மேல் விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. ஜப்பானில் அந்தக் காரை வைத்திருந்த யாரோ டர்போவின் அழுத்தத்தை மட்டும் கூட்டியிருக்க வேண்டும். காற்று கூடினால் பெட்ரோலும் அதற்கேற்பக் கூட வேண்டும். பழைய பம்ப்பும் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் ஈடுகொடுக்க முடியாமல் போனால் கலவையில் எரிபொருள் குறைந்து, வெப்பம் ஏறி, தீப்பொறிக்குப் பிறகு மீதமிருக்கும் கலவை தானாகவே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டிபோல் அடிக்கிறது. நான் பிரேக்கில் செய்த அதே தவறை அந்த முன்பின் தெரியாத மனிதர் எஞ்சினில் செய்திருக்கிறார். ஒன்றைக் கூட்டிவிட்டு, அதைத் தாங்க வேண்டியதை மறந்துவிட்டார்.

ஈப்போவில் ஒரு பட்டறையில் 78 மில்லிமீட்டர் சிலிண்டர்களை அரை மில்லிமீட்டர் பெரிதாகக் குடைந்து, ஆறு புதிய பிஸ்டன்கள் போட்டோம். எரிபொருள் பம்ப்பை மாற்றினோம். டர்போவின் அழுத்தத்தைத் தொழிற்சாலை வைத்த அளவிலேயே விட்டோம். முதன்முதலாக எஞ்சினைக் கிளப்பிய நாளில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் காயில்களின் இணைப்புகளைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுழலவிட்டு, எண்ணெய் அழுத்தமானியின் முள் எழுந்த பிறகே இணைப்புகளைக் கொடுத்தான். அவசரப்பட்டிருந்தால் புதுப் பேரிங்குகள் வறண்ட நிலையில் உரசியிருக்கும்.

இந்தப் பையனின் காரையும், பள்ளிவாசல் வரை அதிர வெறும் குழாயை எக்ஸாஸ்டாக மாட்டிக்கொண்டு இரவு இரண்டு மணிக்குத் தாமானை, அதாவது குடியிருப்புப் பகுதியை, சுற்றுகிற காரையும் ஒன்றாக நசுக்கச் சொல்வது நியாயமா என்று அந்த வாசகரைப் பணிவோடு கேட்கிறேன். பின்னதைப் பிடித்து அபராதம் விதிக்க வேண்டும் என்பதில் எனக்கும் அவருக்கும் வேறுபாடு இல்லை. நோயாளிகளும் கைக்குழந்தைகளும் இருக்கும் தெருவில் அப்படி ஓட்டுவதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது. பொதுச்சாலையில் பந்தயம் விடுகிறவர்களுக்காகவும் நான் பரிந்து பேசவில்லை.

ஆனால் சட்டப்படி நடக்க விரும்புகிறவனுக்கு வழி எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எஞ்சின் மாற்றுவது நம் நாட்டில் தடை செய்யப்பட்டதன்று. இலாகாவின் அனுமதி, எஞ்சின் வாங்கியதற்கும் அது முறையாக இறக்குமதியானதற்கும் ஆவணங்கள், புஸ்பாகோம் என்னும் வாகனப் பரிசோதனை நிறுவனத்தின் பரிசோதனை ஆகியவை சரியாக இருந்தால் புதிய எஞ்சின் எண்ணைப் பதிவில் ஏற்றிக்கொள்ளலாம். எங்களுக்கு எஞ்சினை விற்ற கடை இறக்குமதி ஆவணத்தைக் கொடுக்காமல் நான்கு மாதங்கள் இழுத்தடித்தது. இத்தனைக்கும் பழைய எஞ்சினும் 1998 சிசி, புதியதும் 1998 சிசி. ஆண்டுக்கு ஏறக்குறைய 380 ரிங்கிட் சாலை வரி இரண்டுக்கும் ஒன்றுதான். அலைச்சலுக்குப் பயந்து பல இளைஞர்கள் பதிவை மாற்றாமலே ஓட்டுகிறார்கள். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிடக்கூடும் என்பதும், அதன் சுமை அடிபட்ட மூன்றாம் மனிதர்மேலும் விழலாம் என்பதும் அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இந்தக் கார்கள் பிறந்த ஜப்பானில் ஷாக்கென் என்றொரு கட்டாயப் பரிசோதனை உண்டு. புதிய கார் என்றால் மூன்றாம் ஆண்டிலும், அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் செய்ய வேண்டும். காரை இறக்கிக்கொள்ளலாம், ஆனால் தரைக்கும் காருக்கும் 9 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தாக வேண்டும். பெரிய மாற்றங்கள் செய்தவர் அவற்றைத் தெரிவித்து, தனிப் பரிசோதனையில் தேறி, பதிவை மாற்றிக்கொள்கிறார். நம் நாட்டில் தனியார் கார்களுக்கு இப்படிக் காலமுறைப் பரிசோதனை இல்லை. கார் கைமாறும்போதும் இதைப் போன்ற மாற்றங்களின்போதும்தான் பரிசோதனைக்குப் போகிறோம். இத்தனை ஆண்டு ஓட்டிய என் கார்களின் பிரேக்கை, நானாகப் பார்த்ததைத் தவிர, வேறு எவரும் கட்டாயமாகப் பார்த்ததே இல்லை. மாற்றியமைத்த கார்களுக்கு மட்டுமாவது ஆண்டுக்கொரு முறை பரிசோதனை என்று இலாகா கொண்டுவந்தால், முதல் ஆளாக என் அக்காள் மகன் வரிசையில் நிற்பான்.

ஊதாரித்தனம் என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். பணம் செலவானது உண்மை. சம்பளத்தில் பாதியை வண்டியில் போட்ட மாதங்கள் உண்டு, என் அக்காள் கண் கலங்கியதும் உண்டு. அந்தப் பணத்துக்கு அவன் மைக்ரோமீட்டரில் ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கை அளக்கக் கற்றான், மின்சுற்று வரைபடத்தைப் படிக்கக் கற்றான், பற்றவைக்கக் கற்றான். நம் நாட்டில் திறன் மேம்பாட்டு இலாகா, பயிற்சிக் கல்லூரிக்குப் போகாமல் அனுபவத்தால் தொழில் கற்றவர்களுக்கும், முன் அனுபவத்தை மதிப்பிட்டு எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. செய்த வேலைகளுக்கான சான்றுகளைத் தொகுத்துக் கொடுக்க வேண்டும். எங்கள் பையன் ஒவ்வொரு கட்டத்தையும் படமெடுத்து வைத்திருந்தது அதற்குத்தான் கைகொடுத்தது. எஸ்பிஎம் என்னும் பள்ளி இறுதித் தேர்வில் சரியாக வராத தோட்டப்புறப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இப்படியொரு வாசல் இருப்பது தெரியும்? 2002-இல் உலக ராலி போட்டிகளின் உற்பத்திக் கார் பிரிவில் உலக வெற்றியாளரான நம் நாட்டவர் கரம்ஜித் சிங் ஓட்டியது, மிட்சுபிஷி லேன்சர் எவலூஷனைத் தழுவிய புரோட்டான் பெர்ட் காரைத்தான். ஜப்பானியக் காரைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் கேவலமான ஒன்றாக இருந்ததில்லை.

சென்ற ஆண்டு, பதிவெல்லாம் சரியான பிறகு, பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தங்கள் காரை ஓட்டிப் பார்க்கும் ஒரு நாளில் செப்பாங் பந்தயத் தடத்துக்குப் போனோம். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர். நான் தடுப்புச் சுவருக்கு இந்தப்பக்கம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவது சுற்றுக்கு அவன் வர வேண்டிய நேரத்தில், வேகத்தைக் குறைத்து மெதுவாக உள்ளே வந்தான். என்னவாயிற்று என்று ஓடினேன். "பெடல் கொஞ்சம் மெத்தென்று ஆகிறது மாமா, ஆறட்டும்" என்றான். முன் டிஸ்க்கிலிருந்து எழுந்த வெப்பம் முகத்தில் அடித்தது. அரை மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டுத்தான் மறுபடி போனான். தாப்பா மலைச்சாலையில் எனக்கும் முதலில் அந்த மெத்தென்ற உணர்வு வந்திருக்கத்தான் வேண்டும். அதை அடையாளம் காண எனக்கு யாரும் கற்றுத் தந்திருக்கவில்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் இளைஞர் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது வாகனப் பராமரிப்பைப் பற்றித் தமிழில் எழுதச் செய்யுங்கள். பிரேக் திரவத்தை எப்போது மாற்றுவது, டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் நான்கு இலக்கத்தில் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் எப்படிப் படிப்பது, எஞ்சின் மாற்றத்துக்கு என்னென்ன ஆவணங்கள் வேண்டும் என்பவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் இப்போது காணொளிகளில் அரைகுறையாகப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்கள். எங்கள் வட்டாரச் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள், இலாகாவின் நடமாடும் முகப்பு ஒன்றை ஆண்டுக்கு இரண்டு நாள் தோட்டப்புறப் பட்டணங்களுக்கு வரவழைத்து, எஞ்சின் மாற்றத்துக்கான விளக்கத்தை அங்கேயே கிடைக்கச் செய்ய முடியும்.

என்னால் ஆனதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை எட்டு மணியிலிருந்து என் வீட்டுக் கொட்டகை திறந்திருக்கிறது. இப்போதே நான்கு பையன்களும், தன் அண்ணனின் பழைய வீராவோடு ஒரு பெண்பிள்ளையும் வருகிறார்கள். அந்த வாசகர் தமக்குத் தெரிந்த இளைஞர்களை அனுப்பி வைக்க விரும்பினால், இந்த நாளிதழ் வழியாகத் தகவல் தரட்டும். காரைக் கொண்டுவருபவர் ஜாக்கியும் பழைய துணியும் கொண்டுவந்தால் போதும். பிரேக் திரவம் நான் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலை ஃபிட்டர்,
சுங்கை சிப்புட், பேராக்.